உடைந்த பக்கத்தின் வழவழப்பு

இருட்டிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ஒரு தகரத்தை நகத்தால், அவசரமே இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கீறுகிற மாதிரி. கீறி முடித்ததும் ஒரு டொக். தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்த ஆவுடைச்செல்வியின் கை அப்படியே நின்றது. தொட்டில் மட்டும் தன் பாட்டுக்கு இரண்டு ஆட்டம் ஆடி ஓய்ந்தது. உள்ளே எட்டு மாதத்துத் தாரகை வாயைச் சப்புக்கொட்டிவிட்டு மறுபடியும் தூக்கத்துக்குள் போனாள். திரும்பவும் கீறல், டொக். மாடி வீடு காலிதானே, போன மாசமே மாற்றலாகிப் போய்விட்டார்களே, அங்கே யார் எதை இழுப்பது என்று நினைத்து, நினைத்ததுமே உள்ளங்கை வேர்த்து, அதை நைட்டியில் துடைத்தபோதுதான் புரிந்தது, மாடியில்லை, கீழே ஸ்கூட்டர் ஷெட். பகலெல்லாம் கத்திரி வெயிலில் காய்ந்து நீண்ட தகரக் கூரை இப்போது கடற்காற்று பட்டுச் சுருங்குகிறது, சுருங்க விடமாட்டேன் என்று போல்ட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த இழுபறிதான். அவளுக்குத் தெரியாததா? சூட்டில் எது எவ்வளவு நீளும், ஆறினால் எவ்வளவு சுருங்கும், எங்கே பிடித்து இழுத்தால் எங்கே விரியும் என்று பார்க்கத்தானே அவளுக்குச் சம்பளம். தெரிந்த சத்தம் என்று தெரிந்த பிறகும் பயம் இறங்கவில்லை. உதடு தானாக அசைந்தது. வீட்டுச் சாமி இசக்கியம்மன், ஆனால் பயம் வந்தால் மட்டும் கான்வென்டில் சிஸ்டர்கள் தினமும் மத்தியானம் சொல்லவைத்த மாதா ஜெபம்தான் முதலில் வந்து நிற்கிறது. அம்மனிடம் ஒரு மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு ஜெபத்தை முழுதாகச் சொல்லி முடித்தாள். பாதியில் நிறுத்தினால் இன்னும் பயம்.

பயத்துக்கு இன்றைக்கு என்ன வேலை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். இரண்டு வருஷமாக லேபில் கண்ணாடிக் குடுவையில் காய்ச்சிக்கொண்டிருந்த, ராக்கெட் எரிபொருளைச் சேர்த்துப் பிடிக்கிற அவளுடைய பைண்டர் இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெரிய கிண்ணத்துக்குப் போகிறது. மிக்ஸிங் கட்டடத்தில் இரண்டாம் ஷிஃப்டில் நிற்பது அவள் வீட்டுக்காரன் நயினார். நயினாருக்குக் கோவில்பட்டி. கல்யாணமான புதிதில் அவன் அம்மாவுக்கு இவர்கள் வேலையை விளக்கியது இப்படித்தான்: கடலை மிட்டாய்தாம்மா, கடலைக்குப் பதிலா உப்புத்தூளும் அலுமினியப் பொடியும், வெல்லப்பாகுக்குப் பதிலா ரப்பர் பாகு, அவ பாகு காய்ச்சுவா, நான் உருண்டை பிடிப்பேன், பத்த வச்சா மேல போகும். மாமியார் சிரிக்காமல், பாகுப் பதம் முக்கியம்லா, என்றாள். பதம்தான் எல்லாமும். பழைய ரப்பர் பாகு நல்ல பாகுதான், ஆனால் சூடு தாங்காது. நாள்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டிய ராக்கெட்டுக்குள் அது மெல்ல மெல்ல இறுகி, வறண்டு, ஒருநாள் மயிரிழைக்கு வெடிப்பு விடும். அந்த வெடிப்புக்குள் நெருப்பு நுழைந்தால் அது நாம் சொன்ன இடத்தில் எரியாது, தனக்கு வேண்டிய இடத்தில் எரியும். அதனால்தான் ஃப்ளூரின் சேர்த்த பாகு. தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லானுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அதைச் சின்ன வில்லையாக வார்த்து ஓவனில் வைத்து வாட்டினாள், எடுத்தாள், மறுபடி வாட்டினாள், வளைத்தால் வளைந்தது, விட்டால் நிமிர்ந்தது. லேபுக்குத் தலைவியான ரோசலின் மேடமே, யாரையும் பாராட்டாத மேடமே, வில்லையைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பெத்து வந்ததுல மூளை ஒண்ணும் மழுங்கலையே, என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பசி என்று இல்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மாவு இருந்தது. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் வட்டமாகத் தேய்த்தாள். அது சொய்ங் என்று பாடியது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக் கனகவல்லி அக்கா வந்தாள், கையில் காலிக் கிண்ணத்தோடு, உறைமோருக்கு. "ஏ ஆவுடை, வாசனை எங்க வீட்டு பாத்ரூம் வரைக்கும் வருதுட்டி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் அடுப்பைப் பார்த்து நின்றாள். "இது நான்ஸ்டிக் கல்லுல்லா?" "ஆமாக்கா." "நான்ஸ்டிக்ல எவளாவது வெங்காயம் தேய்ப்பாளா? பெரிய படிப்பு படிச்சவளே." "பழக்கம்க்கா, இரும்புக்கல்லுலயே சுட்டுச் சுட்டு." "நல்ல பழக்கம் போ. ஒட்டாத கல்லுக்கு ஒட்டாம இருக்க எண்ணெய். பாரு, எண்ணெய் மேலயே முத்து முத்தா நிக்குது, கல்லு குடிக்க மாட்டேங்குது." அக்கா உறைமோரை ஊற்றிக்கொண்டு, தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, அப்பன் மூக்கு, பாவம், என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆவுடை கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எண்ணெய் முத்துமுத்தாக நின்றது. ஒட்டாத கல்லுக்கு எண்ணெய். பழக்கம். பழக்கம்க்கா. எங்கேயோ ஒரு இடத்தில் இதே வார்த்தையை, இல்லை வார்த்தை இல்லை, இதே கையை, வட்டமாகச் சுற்றுகிற ஒரு கையைப் பார்த்திருக்கிறாள். ஜெபராஜ் அண்ணன் கை. லேபில் அச்சு தயார் பண்ணுகிற ஜெபராஜ் அண்ணன், ஒவ்வொரு அச்சுக்குள்ளும் பாகை ஊற்றுமுன் ஸ்பிரே டப்பாவை எடுத்து, புஸ் புஸ் என்று அடித்து, துணியால் வட்டமாகத் தேய்ப்பார். வில்லை அச்சில் ஒட்டாமல் கழன்று வர. இருபது வருஷமாக எல்லா அச்சுக்கும் அடிக்கிற ஸ்பிரே. அந்த ஸ்பிரேயும் ஃப்ளூரின் எண்ணெய்.

கல் புகைந்தது. அடுப்பை அணைத்தாள். இரு, இரு, அவசரப்படாதே. பழைய ரப்பர் பாகுக்கு அந்த எண்ணெய் அந்நியம், உள்ளே சேர்க்காது, வெளியிலேயே நிற்கும், இந்தக் கல்லின் மேல் நிற்கிற முத்து மாதிரி. ஆனால் புதுப் பாகு? அது எண்ணெய்க்குச் சொந்தக்காரி, ஒரே ரத்தம். சொந்தக்காரர் வந்தால் வாசலிலேயே நிற்கவைப்பாளா, உள்ளே வா என்பாள், உட்கார் என்பாள். குடித்திருக்கும். விரல் தடிமன்கூட இல்லாத வில்லை, இரண்டு பக்கமும் எண்ணெய், ராத்திரி முழுக்க இளஞ்சூடு, நடுவரைக்கும் குடித்திருக்கும். அப்புறம் ஓவனில் வளைந்தது யார்? நிமிர்ந்தது யார்? பாகா, அது குடித்த எண்ணெயா? சும்மா கற்பனை பண்ணாதே என்று சொல்லிக்கொண்டாள், ஆனால் அதற்குள் விரல் நினைத்துக்கொண்டுவிட்டது, மூளையைவிட முன்னால். வலது கை ஆள்காட்டி விரல். போன வாரம் வாட்டி எடுத்த வில்லையை இழுத்து உடைத்தபோது, கையுறையைக் கழற்றிவிட்டு உடைந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். வெறும் விரலுக்குத் தெரிகிற அளவுக்கு எந்தக் கருவிக்கும் தெரியாது என்பது அவளுடைய எண்ணம். விரல் வழுக்கியது. உடைந்த பக்கம் வறவறவென்று இருக்க வேண்டும், வெல்லம் உடைந்த மாதிரி. அது வழவழவென்று இருந்தது. அந்த நொடியில் அவள் செய்தது என்ன? விரலை முகர்ந்தாள். தேங்காய் எண்ணெய். காலையில் தாரகைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு ஓடிவந்த கை. ஐயோ, பிள்ளை எண்ணெயோடு வந்து வில்லையைத் தொட்டுவிட்டேனே, மேடம் பார்த்தால் என்ன சொல்வாள் என்று வெட்கப்பட்டு, கோட்டில் துடைத்துவிட்டு, வேறு யாரும் தொடுமுன் வில்லையைப் பைக்குள் போட்டு மூடினாள். தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது உண்மை. ஆனால் மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவிய கை அது. வாசனை நிற்கும், வழவழப்பு நிற்குமா?

நிற்காது. நிற்கலாம். வேர்வையாக இருக்கலாம். அவள் நடந்தாள், அடுக்களையிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து பால்கனிக்கு. தூரத்தில், செம்மண் தேரிக்கு அப்பால், மிக்ஸிங் கட்டடத்தின் விளக்குகள் மண்மேட்டுக்குப் பின்னால் மங்கலாக ஒளிர்ந்தன. மண்மேடு இருப்பதே, என்ன ஆனாலும் மேல்நோக்கி ஆகட்டும், பக்கவாட்டில் வேண்டாம் என்பதற்குத்தான். பெரிய கிண்ணத்துக்கு யாரும் ஸ்பிரே அடிப்பதில்லை. லேபில் செய்த சின்னக் கலவைக்கு அடித்தார்கள், கழுவச் சுலபம் என்று. அப்படியானால் எண்ணெய் இல்லாத அவளுடைய பாகை இந்த உலகத்தில் இதுவரை யாரும் உப்புத்தூளோடு கலந்ததே இல்லை. அது எப்படி நடந்துகொள்ளும்? வளையலாம். ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். அல்லது பொடி விழ விழ, உரசலில் சூடு ஏற ஏற, பதம் தாண்டின பாகு மாதிரி முறுகலாம். முறுகினால் கிண்ணத்துக்குள் சுற்றிக் கலக்குகிற கத்தி திணறும். திணறினால் இன்னும் உரசும். மிக்ஸர் ஓடும்போது ஆள் யாரும் உள்ளே இல்லை, எல்லோரும் தூரத்து அறையில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது சரி. ஆனால் பொடியெல்லாம் போட்டு ஒரு சுற்று ஓடியதும் நிறுத்திவிட்டு இரண்டு பேர் உள்ளே போய்க் கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டினதை வழித்துவிட வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவன் நயினார். சூடான, முறுகின பாகை, இழுத்துப் பிடித்து வழிப்பான். எதையும் சுத்தமாக வழிக்கிறவன், தோசைமாவுப் பாத்திரத்தைக்கூட. மார்பு கனத்தது. பால் கட்டியிருந்தது, பயந்தால் அது தானாக இறங்குகிறது, நைட்டி நனைந்து சில்லென்று ஒட்டியது. உடம்புக்கு ஒரே ஒரு பயம்தான் தெரியும் போல, பிள்ளை அழுதாலும் புருஷன் ஆபத்தானாலும் அதே பாலைக் கொண்டுவந்து நீட்டுகிறது.

நயினாரின் நம்பரைப் போட்டாள். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு பெண்குரல், நிதானமாக. வாசல் கேட்டில் தீப்பெட்டியோடு செல்போனையும் வாங்கிவைத்துவிடுவார்கள், அவளுக்கே தெரியும், தெரிந்தும் போட்டாள். மேடத்திடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? என் விரல் வழுக்கியது என்றா? இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டால்? தோசைக்கல்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால், நாளைக்கு கான்டீன் முழுக்க அதுதான் பேச்சு. பிள்ளை பெத்தவள், ராத்திரி தூக்கமில்லாதவள், புருஷன் மிக்ஸிங்கில் இருக்கிறான் என்று பதறி மிக்ஸையே நிறுத்தினாள். பெண்களை இந்த வேலைக்கு எடுத்தால் இப்படித்தான் என்று ஒருவன் சொல்வான், இன்னொருவன் சொல்லாமல் சிரிப்பான். நிறுத்தினால் கிண்ணத்தில் இருப்பது அத்தனையும் வீண், எரிகுழிக்குப் போகும். ஒருவேளை பாகு நல்ல பாகாக இருந்தால்? நல்ல பாகை அவளே கொன்றதாகும். ஒருவேளை இல்லையென்றால். அந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் ‘இல்லையென்றால்’ வரைக்கும் வந்து, தொட்டில் பக்கம் திரும்பி, மறுபடியும் ஸ்பிரேயிலிருந்து ஆரம்பித்தது யோசனை. வகுப்பில் சிஸ்டர் கேள்வி கேட்கும்போது பதில் தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருப்பாள், தப்பாகிவிட்டால் பெஞ்சு மேல் ஏற வேண்டுமே என்று. வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், எப்போதும் யாராவது சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு வகுப்பில் வேறு யாரும் இல்லை. வழுக்கின விரல் ஒன்றே ஒன்றுதான்.

"சொல்லு செல்வி" என்றாள் ரோசலின் மேடம். பின்னால் டிவியில் யாரோ கைதட்டினார்கள். ஆவுடை சொன்னாள். ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள், ஆனால் தோசைக்கல்லில் ஆரம்பித்து ஸ்பிரேக்குப் போய் உடைந்த பக்கத்துக்கு வந்து தேங்காய் எண்ணெயில் தடுக்கி நின்றாள். டிவி நின்றது. "உறுதியாச் சொல்றியா?" "இல்ல மேடம்." "உறுதியில்லாம மிக்ஸை நிறுத்தச் சொல்றே." "ஆமா மேடம்." "உன் வீட்டுக்காரர் இன்னைக்கு அங்க இருக்காரா?" வந்துவிட்டது. "இருக்காங்க மேடம். அவங்க இல்லாட்டியும் சொல்லியிருப்பேன்." சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று நம்ப ஆசையாக இருந்தது. மேடத்துக்கு மூச்சு இழுப்பது கேட்டது, ஆஸ்துமாக்காரி. பிறகு, "ஜெபராஜ் புது பாகுக்கும் அடிச்சானா?" "எல்லா அச்சுக்கும் அடிப்பாங்களே மேடம்." "அவன் அடிக்கும்போது நான் பக்கத்துல நின்னேன்டி" என்றாள் மேடம், மெதுவாக, தன்னிடமே சொல்கிற மாதிரி. "நின்னு, சீக்கிரம் அடிடான்னு சொன்னேன். வை போனை, லைன் வேணும் எனக்கு."

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சைரன் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை, விளக்குகள் அதே மங்கலில் இருந்தன. தாரகை விழித்து அழுதாள். எடுத்து மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டு குடித்தது, ஒரு கை அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஒரு சின்ன முனகலோடு. ஒரு நிதானம் வந்தது அவளுக்கு. சொன்னாயிற்று. சரியோ தப்போ, இனிமேல் அது அவள் கையில் இல்லை. வாசல் பக்கம் பார்த்தாள். கனகவல்லி அக்கா சாத்திவிட்டுப் போன கதவு காற்றில் லேசாக விலகி, விலகி, மறுபடி வந்து படிந்தது. இந்தக் குவார்ட்டர்ஸில் வீட்டு ஆள் மிக்ஸிங்கில் இருக்கும்போது யாரும் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. யாரும் சொல்லித் தந்ததில்லை, வந்த புதிதில் பக்கத்து வீடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான். பகலானாலும் ராத்திரியானாலும் கதவு சும்மா சாத்தியே கிடக்கும். ஆள் வந்தால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்பார்கள் சிரித்துக்கொண்டே. ஆள் வராமல் வேறு யாராவது வந்தால், அவர்களும் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதை யாரும் சொல்வதில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜோடிச் செருப்புதானா, இரண்டா? ஒன்றுதான். ஒன்று என்றால் ஒன்று. குழந்தையின் தலையை இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்று தெரிந்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

நயினார் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான். "என்னது, தீஞ்ச வாடை?" "தோசைக்கல்லு." "நல்ல வேளை, எனக்குப் பசிக்கல" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான், தரையில் அப்படியே உட்கார்ந்தான். "நிறுத்திட்டாங்க ஆவுடை. உள்ள போறதுக்கு உடுப்பெல்லாம் மாட்டி, உடம்புல இருக்க கரண்டு இறங்கத் தரைக்கம்பியைத் தொட்டு, கதவுகிட்ட நிக்கோம், வராதீங்கன்னு மைக்ல சொல்றான். லேப்ல எவனோ ஏதோ சந்தேகம் கிளப்பிட்டானாம். அவ்வளவும் எரிகுழிக்கு. எந்தப் புண்ணியவானோ." "நான்தான்" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். குழந்தை குடிப்பதை நிறுத்திவிட்டு, அப்பா குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தது, வாயோரம் பால் வழிய. "உன் பாகைத்தானே நிறுத்தியிருக்க, லூசு" என்றான். "ஆமா." "ரெண்டு வருஷம்." "ஆமா." "நீ நினைச்சது தப்பா இருந்தா?" "தப்பா இருந்தா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. சரியா இருந்தா பாகு போச்சு, முதல்லேருந்து காய்ச்சணும். எப்படிப் பார்த்தாலும் எனக்கு நஷ்டம்தான்." அவன் சிரிக்கப் பார்த்தான். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். "மிக்ஸர் மோட்டாரு கரண்டு கொஞ்சம் கூடுதலா இழுக்கு, கத்தி திணறுதுன்னு கூட நின்ன ஸ்டீபன் சொன்னான்" என்றான் போகிற போக்கில், "புதுப் பாகு, அப்படித்தான் இருக்கும்னு நான்தான்" என்று சொல்லிவந்தவன் நிறுத்தினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்தான், விரல்களை விரித்து, திருப்பி, மறுபக்கத்தையும். பிறகு அந்தக் கைகளை நீட்டினான். அவள் குழந்தையைத் தூக்கி அவற்றில் வைத்தாள். நைட்டியின் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். கடற்காற்றுக்கு உப்பிப்போன கதவு நிலையில் சரியாக உட்காரவில்லை. தோளைக் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.